பாட்டு முடிந்த பின்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் வில்லிவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நான் பிறந்ததும், படித்ததும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்ததும் இந்த ஊர்களுக்கு நடுவில்தான். இப்பக்கத்துப் பிள்ளைகளிடம், “ஆவடி எதற்குப் பெயர்பெற்றது?” என்று கேட்டால், “டாங்கித் தொழிற்சாலைக்கு” என்பார்கள். விடை சரியே. ஆயினும் அத்தொழிற்சாலை எழுவதற்கு முன்பே ஆவடியின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. 1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இந்திய தேசியக் காங்கிரசின் மாநாடு அங்கே நடைபெற்றது. உ. ந. தேபர் தலைமை தாங்கினார். சோஷலிச முறையில் அமைந்த சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அம்மாநாட்டில்தான் நிறைவேறியது.

மாநாட்டுக்கென அமைத்த இடத்துக்குச் ‘சத்தியமூர்த்தி நகர்’ என்று பெயரிட்டிருந்தனர். என் தந்தையார் அப்போது இளைஞர். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து சென்று மாநாட்டைக் கண்டவர். நான் சிறுவனாக இருந்தபோது, “சத்தியமூர்த்தி என்பவர் யார், அப்பா?” என்று கேட்டேன். “பாட்டுக்காரர்களை நாட்டு வேலைக்குக் கூட்டி வந்தவர்” என்றார். அந்த விடை எனக்கு நிறைவு தரவில்லை. பெரிய தலைவர் ஒருவருக்கு இவ்வளவுதானா புகழ் என்று எண்ணினேன். அது எத்தகைய பெரும்பணி என்பதை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. நான் காலம் தாழ்த்தி உணர்ந்ததை நீங்கள் இளமையிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சத்தியமூர்த்தி 1887-இல் திருமயத்தில் பிறந்தவர். வழக்கறிஞர்; நாவன்மை மிக்கவர்; மத்திய சட்டசபையில் அயல் ஆட்சியாளரைத் தம் கேள்விகளால் திணறச் செய்தவர். அவருக்கு மற்றொரு முகமும் உண்டு. அவர் நடிகர். சென்னைச் சுகுண விலாச சபையின் நாடகங்களில் வேடமிட்டு நடித்தவர். ஆதலின் மேடையின் ஆற்றல் எத்தகையது என்பதை அவர் தாமே அறிந்திருந்தார். பாரதியாரின் பாடல்களை அரசு 1928-இல் பறிமுதல் செய்தபோது, சட்டமன்றத்தில் எழுந்து அதை எதிர்த்து வாதாடியவரும் அவரே. ஓர் அரசு பாட்டைக் கண்டு அஞ்சுகிறது என்றால், பாட்டில் ஏதோ வலிமை இருக்கிறது என்பதுதானே பொருள்?

அந்த வலிமை எங்கிருந்து வந்தது? அக்கால நிலையை எண்ணிப் பாருங்கள். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தலைவர்கள் செய்தித்தாளில் எழுதியவை மற்றத் தொண்ணூறு பேருக்கு எட்டவில்லை. அவர்கள் கூடிய இடங்கள் கோயில் திருவிழா, சந்தை, நாடகக் கொட்டகை ஆகிய மூன்றே. நாடகமோ இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாட வல்லவரே அம்மேடையில் நிலைத்தனர். வள்ளி திருமணம் நடக்கும், முருகன் தோன்றுவான், ஆர்மோனியம் முழங்கும். அந்த முருகனே திடீரென்று கதரைப் பற்றியும் கள்ளுக்கடை மறியலைப் பற்றியும் பாடத் தொடங்குவான். கொட்டகை அதிரும். காவலர்கள் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பார்கள். நாடகங்களை அடக்குவதற்கென்றே 1876-இல் இயற்றிய சட்டம் ஒன்று ஆட்சியாளர் கையில் இருந்தது.

அப்படிப் பாடியவர்களுள் தலையாயவர் சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாஸ். அவர் மருத்துவர் குலத்தவர். முடி திருத்தும் தொழிலுடையோர் என்று சமூகம் தாழ்த்தி வைத்திருந்த மக்களுள் ஒருவர். அதனால் அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். மேடையில் முருகனாக நின்றவரை ஊர் தொழுதது. மேடையை விட்டு இறங்கியதும் அதே ஊர் விலக்கி வைத்தது. இந்த முரண்பாட்டைத் தாங்கிக்கொண்டே அவர் நாட்டு விடுதலையைப் பாடினார். சிறைவாசம் அவருக்கு வழக்கமாயிற்று. ஒரு நடிகன் சிறைக்குச் சென்றால் நாடகம் நிற்கும், நாடகம் நின்றால் வருவாய் நிற்கும், கடன் வளரும். வறுமையிலும் அவர் தம் பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. 1940-ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னையில் வள்ளி திருமண நாடகம். முருக வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் அம்மேடையிலேயே பிரிந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன. அவர் எந்தப் பதவியையும் காணவில்லை.

மாணவர்களே, இசைக் கலைஞர் ஒருவர் பொதுவாழ்வுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டால், முதலில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை இந்த வரலாறு கற்பிக்கிறது. அதனால் அவர் எதைப் பெற்றார் என்று கேட்பதற்கு முன், எதை இழந்தார் என்று கேளுங்கள்.

இனி, உங்களில் பலர் பெயரளவில் அறிந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரிடம் வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது, கிருத்திகை தோறும் எங்கள் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் அவர் குரல் விடியற்காலையில் எழும். குளிரில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவனை எழுப்பி உட்கார வைக்கும் குரல் அது. ஔவையார் என்றால் வெண்ணிற உடையும் கைக்கோலுமாக அவர்தான் என்று நாங்கள் நம்பினோம். 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ படம் அப்படியோர் எண்ணத்தைத் தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது. அந்த ஔவையார் ஒருகாலத்தில் தேர்தல் மேடைகளில் பாடியவர் என்பதையும், சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தவர் என்பதையும் எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

அவர் 1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறுமியாக இருந்தபோது ஓடும் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. பின்னர் நாடகக் குழுவில் சேர்ந்தார். இலங்கை வரை சென்று புகழ்பெற்றார். செங்கோட்டை கிட்டப்பா, தம் உச்சக் குரலால் நாடக உலகை ஆண்டவர். இவரும் அவரும் ஒரே மேடையில் பாடினால் ஊரே திரளும். இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஆனால் கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். இருபத்தைந்து வயதான சுந்தராம்பாள் வெள்ளை உடை பூண்டார். இனி எந்த ஆணுடனும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார்; மேடையை விட்டே ஒதுங்கினார்.

அந்த ஒதுக்கத்திலிருந்து அவரை மீண்டும் மக்கள் முன் கொண்டுவந்த ஆற்றல்களுள் ஒன்று நாட்டுப்பணி. காங்கிரசுத் தலைவர்கள், சிறப்பாகச் சத்தியமூர்த்தி, அவரைப் பொதுமேடைக்கு அழைத்தனர். 1935-இல் அவர் நந்தனாராக, ஓர் ஆண் வேடத்தில், திரையில் தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆசிரியரின் மாதச் சம்பளம் முப்பது, நாற்பது ரூபாயாக இருந்த காலம் அது என்று எண்ணினால் அத்தொகையின் அளவு உங்களுக்குப் புரியும். அத்தகைய விலையுள்ள குரலைத்தான் அவர் ஊர் ஊராகச் சென்று காங்கிரசு மேடைகளில் கூலியின்றிக் கொடுத்தார்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தல் நினைவில் வைக்கத்தக்கது. வாக்குரிமை அப்போது எல்லோருக்கும் இல்லை. சொத்தோ படிப்போ உடையவர்களுக்கே இருந்தது. சென்னை மாகாணச் சட்டப்பேரவையில் 215 இடங்கள். அவற்றில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. வெற்றிக்குக் காரணங்கள் பல. பாட்டினால் மட்டும் வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் தலைவர் வருவதற்கு முன் கூட்டத்தைத் திரட்டியதும், வந்த பின் கலையாமல் நிறுத்தியதும் சுந்தராம்பாள் போன்றோரின் குரல்கள் என்பதில் ஐயமில்லை. கற்றறிந்த சிலர் இதை எள்ளி நகையாடினர். கூத்தாடிகளை வைத்துக் கட்சி வளர்க்கிறார்கள் என்றனர். சத்தியமூர்த்தி அந்த ஏளனத்தைப் பொருட்படுத்தவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் சேர்க்க அழைத்தபோது உடனே அழைத்தார்கள். அவையில் அமர அழைத்தது எப்போது? 1958-இல். இடையில் இருபத்தோர் ஆண்டுகள் கழிந்துவிட்டன. காமராசர் முதலமைச்சராக இருந்த அவ்வாண்டில்தான் சுந்தராம்பாள் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் அவரே என்று கூறுவர். மேலவை என்பது இன்றைய மாணவர்களுக்குப் புதிய சொல்லாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 1986 வரை சட்டமன்றம் ஈரவைகளைக் கொண்டிருந்தது. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத்தொண்டு ஆகிய துறைகளில் தேர்ந்தவர்களுள் சிலரை மேலவைக்கு ஆளுநர் நியமிக்கலாம் என்று நம் அரசியலமைப்பு வகுத்துள்ளது. நாட்டுக்குச் சட்டம் செய்யும் இடத்தில் வழக்கறிஞரும் நிலக்கிழாரும் மட்டும் இருந்தால் போதாது, மக்களின் உள்ளத்தை அறிந்த கலைஞரும் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஓடும் ரயிலில் கைநீட்டிய ஒரு சிறுமி, ஐம்பது வயதில் அந்த அவையில் அமர்ந்தார். இது அவருக்கு மட்டும் கிடைத்த பெருமையன்று. கூத்தாடி என்று இகழப்பட்ட ஒரு கூட்டத்துக்கே, நாடு பிந்திச் செலுத்திய கடன்.

இசையிலிருந்து அரசியலுக்கு வரும் வழி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டில் பதெரெவ்ஸ்கி என்னும் பியானோ மேதை இருந்தார். அவருடைய நாடு அயலார் மூவரால் பங்கிடப்பட்டு, வரைபடத்திலேயே இல்லாமற் போயிருந்தது. அவர் உலகெங்கும் இசை வழங்கித் தம் நாட்டின் விடுதலைக்காகப் பேசினார். முதல் உலகப்போர் முடிந்து போலந்து மீண்டும் எழுந்தபோது, 1919-இல் அவர் அதன் பிரதமரானார். வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் தம் நாட்டுக்காகக் கையெழுத்திட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் பதவியை விட்டு விலகிச் சில ஆண்டுகளில் மீண்டும் பியானோவுக்குத் திரும்பினார். அமெரிக்காவில் பால் ராப்சன் என்னும் கறுப்பினப் பாடகர் தம் மக்களின் உரிமைக்காகப் பாடினார். அவருடைய அரசு 1950-இல் அவரது கடவுச்சீட்டைப் பறித்தது. எட்டு ஆண்டுகள் அவரால் அயல்நாட்டு மேடைகளுக்குச் செல்ல இயலவில்லை. 1957-இல் இலண்டனில் கூடிய அன்பர்களுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக அவர் பாடினார். ஒருவருக்கு இசை பதவியைத் தந்தது; மற்றவருக்குத் தண்டனையைத் தந்தது. பாட்டு இரண்டு பக்கமும் கூரிய கருவி.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் அழகாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆயினும் என் முன்னால் ஒரு சுந்தராம்பாள், ஒரு விசுவநாததாஸ், அரைக்கால் சட்டை அணிந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை இங்கே மறைக்காமல் சொல்கிறேன்.

2003-ஆம் ஆண்டு. அப்போதுதான் நான் இப்பகுதியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றிருந்தேன். மழை பொய்த்து ஏரிகள் வறண்ட காலம். தெருக்கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. தண்ணீர் லாரி எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வரும் என்பது எவருக்கும் தெரியாது. நள்ளிரவிலும் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உறங்கினர். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். எங்கள் பள்ளியில் இறைவணக்கம் பாடுபவன் அவன்தான். அத்தகைய குரலை என் பணிக்காலத்தில் பிறகு நான் கேட்டதில்லை. அவன் மாலைதோறும் தெருமுனையில், வெறுங்குடத்தைத் தட்டிக்கொண்டு, தானே கட்டிய பாட்டைப் பாடிக் கூட்டம் சேர்க்கிறான் என்று ஒருவர் வந்து என்னிடம் சொன்னார்.

அவனை அழைத்தேன். “தம்பி, இறைவன் கொடுத்த குரலைத் தெருமுனையில் கூட்டம் கூட்டவா பயன்படுத்துவது? படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு?” என்றேன்.

அவன் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு, “ஐயா, பேசினால் யாரும் நிற்பதில்லை. பாடினால் நிற்கிறார்கள். நின்ற பிறகுதான் மனுவில் கையெழுத்து வாங்க முடிகிறது” என்றான்.

மாணவன் தவறு செய்ததாகத் தோன்றினால், தண்டிப்பதற்கு முன் காரணத்தைக் கேள் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று. அவன் காரணத்தையே சொல்லிவிட்டான். நான்தான் அதைக் கேட்கவில்லை. தெருவில் பாடுவதை விடு, அல்லது ஆண்டுவிழாவில் பாடுவதை விடு என்றேன். அவன் ஆண்டுவிழாவை விட்டான். அவ்வாண்டு வேறொரு மாணவன் பாடினான், நன்றாகவே பாடினான், பரிசும் பெற்றான். முதல் வரிசையில் அமர்ந்திருந்த எனக்கு அன்று கைதட்ட மனம் வரவில்லை. அவன் தேர்வெழுதித் தேறிப் பள்ளியை விட்டுச் சென்றான். அதன் பிறகு எங்கள் பள்ளியில் அவன் பாடவே இல்லை.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 2019-ஆம் ஆண்டு மீண்டும் வறட்சி. பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர ஏற்பாடாயிற்று. ஐம்பது பெட்டிகள், ஒரு நடைக்கு இருபத்தைந்து லட்சம் லிட்டர். ஜூலைத் திங்களில் ஒரு நாள் நான் அம்பத்தூர் நிலையத்தில் நின்றிருந்தபோது அந்த நீர் வண்டி வில்லிவாக்கம் நோக்கி எங்களைக் கடந்து சென்றது. எல்லோரும் பேச்சை நிறுத்தி அதையே பார்த்தோம். “வணக்கம், ஐயா” என்று பக்கத்தில் ஒரு குரல். முகம் மாறியிருந்தது, குரல் மாறவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பிட்டராக வேலை செய்வதாகச் சொன்னான்.

“இன்னும் பாடுகிறாயா, தம்பி?” என்று கேட்டேன்.

“மார்கழியில் கோயிலில் பாடுவதுண்டு, ஐயா. தெருவில் பாடுவதில்லை. இப்போது மனு எழுதுகிறேன்” என்று சிரித்தான்.

பழைய கதையை அவனே சொன்னான். பாட்டைக் கேட்டு நின்றவர்களிடம் வாங்கிய கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு அவனும் தெருப் பெரியவர்கள் இருவரும் உரிய அலுவலகத்துக்குப் பதினொரு முறை நடந்தார்களாம். பதினோராம் முறை, லாரி வரும் நாளும் நேரமும் தெருவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டினார்களாம். அதன் பிறகு அத்தெருப் பெண்கள் இரவில் வீட்டுக்குள் உறங்கினார்களாம்.

“பாட்டு ஒரு வாரந்தான், ஐயா, நடை நான்கு மாதம்” என்றான்.

“அன்று நான் உன்னிடம் சொன்னது தவறு, தம்பி” என்றேன்.

“எங்கள் அம்மாவும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்கள், ஐயா. தொண்டை கெட்டுவிடும் என்று பயந்தார்கள்” என்றான். அவன் வண்டி வந்தது, ஏறிச் சென்றான்.

மாணவர்களே, அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொண்டே அன்று வீடு திரும்பினேன். அப்போதுதான் சத்தியமூர்த்தியின் வாழ்வில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதி என் கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டுக்காரர்களை மேடைக்கு அழைத்த அதே மனிதர் 1939-இல் சென்னை மாநகராட்சியின் மேயரானார். நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்கக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க முயன்றார். போர்க்காலம், அரசிடம் இசைவு பெறுவது எளிதன்று. விடாது முயன்று 1940-இல் அடிக்கல் நாட்டச் செய்தார். 1943-இல் அவர் மறைந்தார். 1944-இல் நீர்த்தேக்கம் நிறைவுற்றது. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். தேர்தலுக்குப் பாடிய பாட்டுகள் காற்றோடு கலந்துவிட்டன. மழை பெய்த ஆண்டுகளில் அந்தத் தேக்கம் இன்றும் சென்னைக்கு நீர் தருகிறது. பாட்டு இல்லையேல் மக்கள் திரண்டிருக்க மாட்டார்கள். திரண்ட மக்களுக்கு நீரும் கல்வியும் கிடைக்கவில்லையேல் அந்தப் பாட்டுக்குப் பொருள் இல்லை.

ஆதலின் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது: பாட்டு முடிந்த பின் என்ன நடந்தது?

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பிற இசைக் கலைஞர்களின் பொதுப்பணியையும் பாருங்கள். எம். எஸ். சுப்புலட்சுமி எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தது முதல், அவர் பாடிச் சேர்த்த பெரும்பொருள் அறப்பணிகளுக்கே சென்றது. 1974-இல் அவருக்கு மகசாசே விருது வழங்கப்பட்டது; அது பொதுத்தொண்டுக்கான பிரிவில் வழங்கப்பட்ட விருது என்பதை மறவாதீர்கள். டி. எம். கிருஷ்ணா 2017-இல் எண்ணூர்ச் சிற்றோடையின் அழிவைப் பற்றிக் கருநாடக இசையில் பாடி, அந்த இடத்திலேயே படமாக்கி வெளியிட்டார். அவர் கருத்துகளை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. சபையில் மட்டும் ஒலித்த இசை சாம்பல் படிந்த நீர்க்கரைக்குச் சென்றது என்பது அனைவரும் காணத்தக்க செய்தி. இளையராஜா 2022-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். புகழ்பெற்ற பாடகி லதா மங்கேஷ்கரும் 1999 முதல் 2005 வரை அந்த அவையின் நியமன உறுப்பினராக இருந்தார். அவைக்கு வந்த நாட்களோ மிகச் சில. அவர் இசையின் பெருமை அதனால் குறைவதில்லை. கலைக்குச் செய்யும் மரியாதை வேறு. அவையில் செய்ய வேண்டிய வேலை வேறு என்பதை மட்டும் நாம் அறிந்துகொள்கிறோம்.

இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இசை நம் அறிவைக் கடந்து உள்ளத்தைத் தொடும். அதுவே அதன் அருமை. அதுவே அதன் ஆபத்து. நல்ல குரலில் பாடப்படுவதால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது. பாடுபவர்மீது கொண்ட அன்பினால் அவர் நீட்டும் தாளைப் படிக்காமலே கையெழுத்திடுகிறவன், பாட்டையும் மதிக்கவில்லை. தன் கையெழுத்தையும் மதிக்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பினால் உங்களுக்கு வாக்குரிமை வருகிறது. 1937-இல் உங்கள் பாட்டனாரின் தந்தைக்கு அது இருந்திருக்குமா என்பது ஐயமே. பாட்டை மனமாரக் கேளுங்கள், கைதட்டுங்கள், பிறகு தாளை வாங்கி முழுவதும் படியுங்கள்.

உங்களில் குரல் வளம் உள்ளவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்கள் தெருவில் ஒரு குறை இருந்தால் அதைப் பாடத் தயங்காதீர்கள். இசையை அது இழிவுபடுத்தாது. அப்படி எண்ணிய தலைமையாசிரியன் ஒருவன் தன் தவற்றை இன்று உங்கள் முன் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். குரல் வளம் இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. பதினொரு முறை நடப்பதற்கு நல்ல குரல் தேவையில்லை. நல்ல கால்களும், கையில் ஒரு மனுவும், கூட வர இரண்டு பேரும் இருந்தால் போதும்.